உப்புக் குறைவா? நீர் மிகுதியா?

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் நாட்டுப் பழமொழி. பண்டத்தில் உப்பில்லாவிட்டால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடுகிறது. உடம்பில் ஓடும் இரத்தத்தில் உப்புக் குறைந்தால் அதை எது கண்டுபிடிக்கும்? சென்ற ஆண்டு கத்திரி வெயிலின்போது இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் எங்கள் குடும்பம் ஆறு நாட்கள் தவித்தது. விடை தெரிந்திருக்க வேண்டியவன் நான். எங்கள் வம்சத்திலேயே கல்லூரி வாசற்படியை மிதித்தவன் நான் ஒருவன்தான். அதிலும் வேதியியல் படிக்கிறவன். அந்த வெட்கமே என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. பேராசிரியப் பெருமக்களும் மாணவ நண்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

என் ஆயாவுக்கு வயது எழுபத்திரண்டு. என் அப்பாவைப் பெற்றவர். இளமையில் கேளம்பாக்கம் பக்கத்து உப்பளங்களில் கூலி வேலைக்குப் போனவர். பாத்தியில் விளைந்த உப்பை வாரிக் கூடையில் சுமந்து கரையேற்றிய கூலியில்தான் என் அப்பாவும் சித்தப்பாவும் வளர்ந்தார்கள். உப்புத் தண்ணீரில் வெடித்த ஆயாவின் பாதங்கள் இன்றும் ஆறவில்லை. வாழ்நாளெல்லாம் உப்போடு உழன்ற அவருக்கு உப்புக் குறைந்துதான் உயிர் போகப் பார்த்தது என்றால் யார் நம்புவார்கள்?

ஆயாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. ஏற்கெனவே சாப்பிட்டுவந்த மாத்திரையோடு, நீர் பிரிவதற்கான மாத்திரை ஒன்றைப் புதிதாகச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். ஆயா ஒரேயடியாக நிறுத்திவிட்டார். வெயில் கடுமையாக இருந்ததால் அக்கம்பக்கத்தார், "தண்ணி நெறைய குடி" என்றார்கள். சொம்பு சொம்பாகக் குடித்தார். பசியில்லை என்று மூன்று வேளையும் உப்பில்லாத கஞ்சிதான்.

முதலில் குமட்டல் வந்தது. பிறகு தலைவலி, அசதி. நான்காம் நாள் நடை தள்ளாடி வாசற்படியில் விழுந்தார். ஐந்தாம் நாள் என்னைப் பார்த்து, என்றோ இறந்துபோன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "வயசாச்சு, இனிமே இப்படித்தான்" என்றார் ஒருவர். "காத்துக் கறுப்பு அண்டியிருக்கும், மந்திரிச்சுப் பாருங்க" என்றார் இன்னொருவர். பக்கத்து ஊர்க் கிளினிக்கில் அசதி என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். அன்றிரவு ஆயா எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. ஆறாம் நாள் விடியற்காலையில் ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே பணியிலிருந்த இளம் டாக்டரம்மா முதல் வேலையாக விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். பிறகு இரத்தம் எடுத்து அனுப்பினார். சோடியம் 112 என்று தாள் வந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

வேதியியல் மாணவர்கள் இந்த எண்ணைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு லிட்டர் இரத்தநீரில் எத்தனை மில்லிமோல் சோடியம் இருக்கிறது என்பதே இந்த அளவு. சோடியத்தின் அணு எடை 23. 140 மில்லிமோல் என்றால் லிட்டருக்கு 3.22 கிராம். 112 என்றால் 2.58 கிராம். வித்தியாசம் லிட்டருக்கு அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே! மாமல்லபுரத்துக் கடல்நீரை ஒரு லிட்டர் மொண்டால் அதில் பத்துக் கிராமுக்கு மேல் சோடியம் இருக்கும். அந்தக் கடற்கரையில் வாழும் ஒரு மனுஷி, அரைக் கிராம் வித்தியாசத்தில் பேரனை மறந்துபோனார்.

1807ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி உருகிய எரிசோடாவில் மின்சாரத்தைச் செலுத்திச் சோடியத்தைப் பிரித்தெடுத்தார் என்று படிக்கிறோம். நம் ஆய்வுக்கூடத்தில் சோடிய உப்பைச் சுடரில் காட்டினால் பொன்மஞ்சள் நிறம் வருகிறது. அதன் அலைநீளம் 589 நானோமீட்டர் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். முன்பு மருத்துவமனைகளிலும் இதே சுடரொளியை அளந்துதான் இரத்தச் சோடியத்தைக் கணக்கிட்டார்கள். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் மின்முனைகள் செய்கின்றன. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆயாவின் மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது! எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. அந்த அட்டை மாடத்தில் ஒரு மாதமாகக் கிடந்தது.

டாக்டரம்மா என்னிடம் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன். "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க? புதுசா ஏதாவது சேர்த்தாங்களா? எத்தனை நாளா இப்படி? வாந்தி, பேதி உண்டா? தண்ணி எவ்வளவு குடிப்பாங்க? சாப்பாடு என்ன?" நான் வீட்டுக்குத் திரும்பி ஓடி, மஞ்சள் பையில் இருந்த மாத்திரைகளையெல்லாம் கொண்டுவந்து கொட்டினேன். அவர் அட்டைகளைப் புரட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். தயசைடு வகையைச் சேர்ந்த நீர் மாத்திரை. பலருக்கு நன்மை செய்யும் நல்ல மருந்துதான். ஆனால் வயதானவர்களில் சிலருக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆரம்பித்த சில வாரங்களில் சோடியத்தை இறக்கிவிடும்.

நான் சொல்ல வருவதன் சாரம் இதுதான்: தாளில் வந்த 112 என்ற எண் நோயின் பெயரல்ல. எதனால் குறைந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே நோயறிதல். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வீட்டில் உள்ள நாம்.

இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டுக் குழம்பே போதும். குழம்பில் உப்புச் சப்பென்று இருக்கிறது. காரணம் என்ன? உப்புப் போடாமல் இருக்கலாம். தண்ணீர் அதிகமாக ஊற்றியிருக்கலாம். இரண்டுக்கும் ருசி ஒன்றே. சட்டியை எட்டிப் பார்த்தால்தான் எது என்று தெரியும். இரத்தமும் அப்படியே. சோடியம் குறைந்தது என்றால் உப்புப் போயிற்று என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலோரிடம் கோளாறு தண்ணீரில்தான் இருக்கிறது. உடம்பு வெளியேற்ற வேண்டிய நீரை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்கிறது.

மருத்துவர்கள் சட்டியை எட்டிப் பார்ப்பது எப்படி? முதலில் சர்க்கரையைப் பார்க்கிறார்கள். சர்க்கரை மிக ஏறியிருந்தால் அது அணுக்களிலிருந்து நீரை இழுத்துச் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். அடுத்து உடம்பைப் பார்க்கிறார்கள். நாக்கு வறண்டு, நாடி தளர்ந்திருந்தால் வாந்தியிலோ பேதியிலோ நீரும் உப்பும் சேர்ந்து போயிருக்கலாம். அதற்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்திருப்பார்கள். கால் வீங்கியிருந்தால் இருதயமோ கல்லீரலோ சிறுநீரகமோ பழுதுபட்டிருக்கலாம். அங்கே உப்பும் மிகுதி, நீர் அதைவிட மிகுதி. வீக்கமும் இல்லை, வறட்சியும் இல்லை என்றால் நீரைத் தடுத்துவைக்கும் ஹார்மோன் காரணமில்லாமல் சுரக்கிறதா என்று ஐயப்பட வேண்டும். 1957ஆம் ஆண்டில் ஷ்வார்ட்ஸ், பார்ட்டர் முதலியோர் நுரையீரல் புற்றுநோய் கொண்ட இரண்டு நோயாளிகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள்.

பிறகு சிறுநீர்ச் சோதனை. சிறுநீர் மிக நீர்த்துப் போயிருந்தால் சிறுநீரகம் தன் வேலையைச் செய்கிறது. குடித்த தண்ணீர்தான் அளவு மீறியது, அல்லது சாப்பாடு மிகக் குறைந்தது. ஏனெனில் நீரை வெளியேற்றவே சிறுநீரகத்துக்கு உப்பும் புரதமும் கொஞ்சம் தேவை, வெறுங்கஞ்சி போதாது. சிறுநீர் அடர்ந்திருந்தால் அந்த ஹார்மோன் வேலை செய்கிறது என்று பொருள். சிறுநீரில் உள்ள சோடியத்தையும் அளக்கிறார்கள். ஆனால் நீர் மாத்திரை சாப்பிட்டவரிடம் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும் என்றார் டாக்டரம்மா. ஆகவே இயந்திரம் எவ்வளவு சொன்னாலும், "என்ன மாத்திரை?" என்ற கேள்வி மிச்சமிருந்துகொண்டே இருக்கிறது.

கிளினிக்கில் ஏற்றிய குளுக்கோஸ் என்ன செய்தது? குளுக்கோஸை உடம்பு எரித்துவிடும். மிஞ்சுவது வெறும் தண்ணீர். நீர்த்துப்போன குழம்பில் இன்னும் ஒரு சொம்பு ஊற்றிய கதைதான். அவர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அசதி என்று சொல்லி அழைத்துப் போனவர்கள் நாங்கள். பேச்சுத் தடுமாறுகிறது என்பதைச் சொல்லவில்லை; மாத்திரை அட்டையைக் காட்டவும் இல்லை.

நோயைக் கண்டுபிடித்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு சண்டை வந்தது. அடர்ந்த உப்புநீரில் நூறு மில்லியை மட்டும் ஏற்றினார்கள். நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். சில மணிக்கொரு தரம் இரத்தம் எடுத்தார்கள். சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"நூத்திப் பன்னெண்டுன்னு சொல்றீங்க. ஒரேயடியா ஏத்தி விட்டுட வேண்டியதுதானே டாக்டர்?"

"ஆறு நாள்ல எறங்குனதை ஆறு மணி நேரத்துல ஏத்துனா மூளை தாங்காதுங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் அவர்.

சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். எனக்கும் அப்போது கோபம்தான். பிறகு நூலகத்தில் படித்தபோதுதான் விளங்கியது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் உப்புவதையும், உப்பிய திராட்சையை உப்புக்கரைசலில் போட்டால் சுருங்குவதையும் பள்ளியிலேயே செய்து பார்த்திருக்கிறோம். சவ்வூடு பரவல் என்று பெயர் எழுதிப் படமும் வரைந்தோம். இரத்தம் நீர்த்தால் மூளையின் அணுக்கள் அந்தத் திராட்சையைப் போல் உப்புகின்றன. மண்டை ஓட்டுக்குள் உப்ப இடம் ஏது? அதனால்தான் குமட்டல், தலைவலி, குழப்பம், வலிப்பு, முடிவில் நினைவிழப்பு. இரண்டு மூன்று நாட்களில் மூளை தன் உள்ளே இருக்கும் உப்புகளை வெளியே தள்ளி ஒருவாறு சமாளித்துக்கொள்கிறது. அப்படிப் பழகிய மூளைமீது சோடியத்தைத் திடீரென்று ஏற்றினால் அணுக்கள் சுருங்கி, நரம்புகளின் உறை சிதைந்துபோகும். பேச்சும் விழுங்குதலும் போய்விடும். கைகால் விளங்காமல் போகலாம். இந்தச் சிதைவை 1959ஆம் ஆண்டில் ஆடம்ஸ், விக்டர், மான்கால் ஆகிய மூவர் விவரித்தார்கள். சோடியத்தை வேகமாக ஏற்றுவது அதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னாளில் தெளிவாயிற்று. ஆகவேதான் ஒரு நாளில் எட்டு, மிஞ்சினால் பத்து என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். மறுநாள் ஆயாவுக்கு 118. அதற்கு மறுநாள் 125. அன்று மாலை என்னை என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரிக் கஞ்சி வாயிலே வைக்க முடியலடா, மீன் கொழம்பு இருக்கா?" என்று கேட்டார். நான் வெளியே போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

இது எங்கள் வீட்டுக் கதைமட்டும் அல்ல. நம் செங்கற்பட்டு மாவட்டத்துக்கே பொருந்துகிற செய்தி என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். தாம்பரம் சானடோரியத்தை நாம் ரயிலில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம் அது. காசநோய் நுரையீரலையோ மூளை உறையையோ தாக்கும்போது நீரைப் பிடித்துவைக்கும் அந்த ஹார்மோனைத் தூண்டிச் சோடியத்தைக் குறைக்கும். சிறுநீரகத்தின்மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தின்றுவிட்டாலும் சோடியம் இறங்கும். 1855ஆம் ஆண்டில் தாமஸ் அடிசன் விவரித்த நோய் அதுவே. ஆகவே நம் ஊரில் சோடியம் குறைந்தவரிடம், "இருமல் எத்தனை நாளா?" என்று கேட்பது வீண் கேள்வி அல்ல.

இரண்டாவது, மாமல்லபுரம் சாலையில் உள்ள வடநெம்மேலி. 1978ஆம் ஆண்டில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே நஞ்செடுத்துக் கொடுத்து, நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கே மூலப்பொருள் தருகிறது. அந்த நான்கு வகைப் பாம்புகளுள் ஒன்றான கண்ணாடி விரியன் கடித்துப் பிழைத்தவர்களில் சிலருக்கு, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பழுதாகிவிடுவதுண்டு. மாதங்களோ ஆண்டுகளோ கழித்து அசதி, குறைந்த சோடியம் என்று வந்து நிற்பார்கள். "எப்போதாவது பாம்பு கடித்ததா?" என்று ஒருவர் கேட்டால்தான் முடிச்சு அவிழும். கழனியில் வேலை செய்யும் நம் மக்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்க மறக்கலாமா?

மாத்திரையும் நோயும் இல்லாத திடமான இளைஞர்களுக்கும் இது வரும். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களில் 13 சதவிகிதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது மிகுதியாக நீர் குடித்து உடல் எடை கூடியவர்களுக்கே இது அதிகம் நேர்ந்தது. வியர்த்துக் கொட்டும்போது நீர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாகத்துக்குக் குடிக்க வேண்டும். கூடவே உணவும் உப்பும் வேண்டும். வாந்தி பேதி கண்டவர்களுக்கு வெறும் தண்ணீர் போதாது என்பதை 1971ஆம் ஆண்டு வங்காள எல்லையில், பன்காவ் அகதி முகாமில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்து நிரூபித்தார். இன்று நாம் கடையில் வாங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை லிட்டர் நீரில் கரைத்தால் அதில் 75 மில்லிமோல் சோடியம் இருக்கிறது.

"உப்புக் குறைஞ்சுபோச்சு" என்று நாம் பேசுகிற பேச்சே தவறான வைத்தியத்துக்கு வழி செய்கிறது என்பது என் கருத்து. ஆயா வீடு திரும்பியதும் பார்க்க வந்தவர்களெல்லாம் ஊறுகாயும் கருவாடும் கொண்டுவந்தார்கள்! இருதயம் பழுதாகிக் கால் வீங்கியவருக்கு இப்படி உப்பை ஊட்டினால் என்ன ஆகும்? சோடியம் குறைந்தது என்று மருத்துவர் சொன்னால், "எதனால் குறைந்தது?" என்று கேட்க நாம் பழக வேண்டும்.

வயதானவர் திடீரெனத் தடுமாறினால், குழம்பினால், அதை வயது என்று தள்ளிவிடக் கூடாது. முதுமை மெல்ல வரும். நான்கு நாளில் வராது. சர்க்கரையையும் சோடியத்தையும் உடனே பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். முதியவர்களுக்கு நீர் மாத்திரை தொடங்கினால் சில வாரங்களுக்குள் ஒருமுறை இரத்தச் சோடியத்தைப் பார்ப்பது வழக்கமாக வேண்டும். அதற்கு அந்தச் சோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும். ஆறு ரூபாய் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, அதைக் கண்காணிக்கும் சோதனைக்கு முப்பது மைல் போ என்பது நியாயமல்ல.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் இருக்கும் இரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். அது பக்கவாதத்தைத் தடுக்கிறது. மாற்றுவதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை. "பி.எஸ்ஸி. படிக்கிற பையன் டாக்டர் ஆகிவிட்டானா?" என்று சிலர் கேட்கலாம். இல்லை ஐயா. மருத்துவருக்குத் தேவையான பதிலைச் சரியாகச் சொல்லத் தெரிந்த பேரனாக இருந்தால் போதும் என்கிறேன்.

நம் கல்லூரியில் படிப்பவர்களில் எத்தனையோ பேர் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரிகள். நம் தாத்தாக்களும் ஆயாக்களும் விழுங்கும் மாத்திரையின் பெயரை வாசிக்க அந்த வீட்டில் நம்மைவிட்டால் ஆளில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குக் கிராமங்களுக்குப் போகிறோம். சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அடுத்த முகாமில் ஒரு பிற்பகலை ஒதுக்கி, ஒவ்வொரு வீட்டு முதியவரின் மாத்திரைப் பெயர்களையும், எப்போது தொடங்கினார்கள் என்பதையும் ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தால் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். இதற்குப் பணம் வேண்டாம். ஒரு பேனா போதும். பேராசிரியர்கள் இதைச் சிந்தித்து ஆவன செய்ய வேண்டுகிறேன்.

ஆயா இப்போது நலமாக இருக்கிறார். மாற்றிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடுகிறார். எங்கள் வீட்டு மாடத்தில் நான் எழுதி ஒட்டிய சீட்டு ஒன்று இருக்கிறது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் யார் வந்தாலும் அதைக் காட்டி, "எம் பேரன் எழுதினது" என்கிறார்.

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவன்